ஜூன் மாதம் விற்பனைக்கு!

பக்கத்துத் தெருக்காரரிடம் வீட்டை விற்பது கஷ்டம். அவருக்கு எல்லாம் தெரியும். மழை பெய்தால் வாசலில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும், கிணறு எந்த மாதத்தில் உப்புக் கரிக்கும், பின்வீட்டு ஆசாமி யார் யார் மேல் கேஸ் போட்டிருக்கிறார்... எதையும் மறைக்க முடியாது. பேசிப் பேசியே விலையைப் பாதியாக்கிவிடுவார்.

ஆயிரம் மைல் தள்ளி இருப்பவரிடம் விற்பது வேறு கலை. அந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் விற்கிறவர் சொன்னதுதான். சொல்லாமல் விட்டது, அவரைப் பொறுத்தவரை, இல்லவே இல்லை!

இந்தக் கலை உச்சத்துக்குப் போன இடம் ஃப்ளோரிடா. அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் விரல் நீட்டுகிற மாதிரி இருக்கும் மாநிலம். முக்கால்வாசி சதுப்பு நிலமும் கொசுவுமாகக் கிடந்த அதன் தென்கோடி, முப்பதே வருஷத்தில் அமெரிக்காவின் கனவுப் பிரதேசமாக ஆனது. எப்படி? எல்லாம் விளம்பரம்தான்.

முதல் விளம்பரம் ஒரு பூங்கொத்து என்கிறார்கள்.

ஜூலியா டட்டில் என்று ஒரு விதவை. க்ளீவ்லாந்துக்காரர். 1891-ல் மியாமி ஆற்றங்கரையில் 640 ஏக்கர் வாங்கிக்கொண்டு குடியேறினார். நிலம் இருந்தது, மனுஷர்கள் இல்லை. ரயில் வந்தால் மனுஷர்கள் வருவார்கள். ரயிலோ, ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில் ராக்ஃபெல்லரின் கூட்டாளியாக இருந்து கோடிகளைக் குவித்த ஹென்றி ஃப்ளாக்லரின் கையில் இருந்தது. பாதி நிலத்தைத் தருகிறேன், ரயிலை நீட்டுங்கள் என்று அம்மணி கடிதம் மேல் கடிதமாக எழுதினார். ஃப்ளாக்லர் மசியவில்லை.

1894-95 குளிர்காலத்தில் இரண்டு முறை உறைபனி விழுந்தது. ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் கருகின. மியாமி வரை மட்டும் பனி எட்டவில்லை. ஜூலியா டட்டில் வாடாத ஆரஞ்சுப் பூக்களை ஈரத்தோடு பொதிந்து ஃப்ளாக்லருக்கு அனுப்பினார் என்பது கதை. இதில் நிஜம் எவ்வளவு, மசாலா எவ்வளவு என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போகட்டும். 1896 ஏப்ரலில் மியாமிக்கு ரயில் வந்தது. ஜூலையில் அது நகரமானது.

அந்தப் பூங்கொத்துக் கதையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் நிலத்தின் அளவு இல்லை, விலை இல்லை. 'உங்கள் ஊரில் செத்துப்போனது, எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறது' என்கிற சேதி மட்டும்தான். தூரத்து ஆளிடம் விற்க வேண்டியது வீட்டை அல்ல, அவன் ஊரில் அவனுக்கு எது கிடைக்கவில்லையோ அதை! ஃப்ளோரிடா இந்தப் பாடத்தை அப்புறம் மறக்கவேயில்லை.

அடுத்து வந்தவர் கார்ல் ஃபிஷர். இண்டியானாபோலிஸ்காரர். கார் ஹெட்லைட் வியாபாரத்தில் சம்பாதித்தவர். புகழ்பெற்ற இண்டியானாபோலிஸ் கார் ரேஸ் மைதானத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். மியாமிக்கு எதிரே, கடலோரத்தில் ஒரு மணல் திட்டு. மாங்குரோவ் புதர், கொசு, எலி. அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஜான் காலின்ஸ் என்ற விவசாயி ஒரு மரப்பாலம் கட்ட ஆரம்பித்துப் பணமில்லாமல் பாதியில் நின்றார். ஃபிஷர் 50,000 டாலர் கடன் கொடுத்தார். பதிலுக்கு 200 ஏக்கர்! 1913-ல் பாலம் திறந்தார்கள். புதரை வெட்டிச் சாய்த்து, விரிகுடாவின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி மேலே கொட்டி நிலமாக்கினார் ஃபிஷர். இன்றைய மியாமி பீச்சில் பெரும்பகுதி அப்படிப் 'பிறந்த' பூமிதான்.

நிலம் ரெடி. வாங்க ஆள்? வடக்கேயிருந்து காரில் வருவதற்கு டிக்ஸி ஹைவே என்ற நெடுஞ்சாலைத் திட்டத்தையே கிளப்பிவிட்டார் மனுஷன். நீச்சலுடைப் பெண்களைப் போட்டோ பிடித்து, நடுக்கும் குளிர்காலத்தில் வடக்கத்திப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். ரோஸி என்று ஒரு யானைக்குட்டி. 1921-ல், தேர்தலில் ஜெயித்துப் பதவியேற்கக் காத்திருந்த வாரன் ஹார்டிங் கோல்ஃப் ஆட வந்தபோது, அவருடைய கோல்ஃப் பையைச் சுமந்தது ரோஸிதான்! அந்தப் படம் நாடெங்கும் வெளியானது. எல்லாவற்றுக்கும் மேலாக, நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் ஒரு மின்விளக்கு போர்டு. பனியில் விறைத்து ஆபீஸ் போகிறவன் அண்ணாந்து பார்த்தால், மியாமியில் இப்போது ஜூன் மாதம் என்று பளிச்சிடும். அவ்வளவுதான் வாசகம். மனை விலைகூடக் கிடையாது!

ஃபிஷர் தடாலடி என்றால், ஜார்ஜ் மெரிக் கவிதை. நிஜமாகவே கவிதை எழுதியவர். பாதிரியாரின் மகன். குடும்பம் மாசசூசெட்ஸிலிருந்து வந்து தோட்டம் போட்டது. சிறுவயதில் கோவேறு கழுதை வண்டியில் காய்கறி விற்றார். அந்தத் தோட்டத்தைச் சுற்றித்தான் கோரல் கேபிள்ஸ் என்ற ஊரை வரைந்தார். 1921-ல் மனை விற்பனை தொடங்கியது. அகலமான சாலைகள், ஸ்பானிஷ் பாணி வளைவுகள், சிவப்பு ஓடுகள். பவளப்பாறை வெட்டியெடுத்த பள்ளத்தை அப்படியே விடாமல், வெனிஸ் நகரச் சாயலில் நீச்சல் குளமாக்கினார். சும்மா சொல்லக்கூடாது, சொன்னதைக் கட்டினார். இன்றைக்கும் அந்தக் குளத்தில் ஜனங்கள் நீந்துகிறார்கள்.

விற்ற விதம்தான் அபாரம். வடக்கு நகரங்களில் கிளை ஆபீஸ்கள். அங்கிருந்து பஸ்களில் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். குளக்கரையில் மேடை போட்டு ஒரு பிரசங்கம். பேசுகிறவர் யார் தெரியுமா? வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்! மூன்று முறை ஜனாதிபதி தேர்தலில் நின்றவர். வெளியுறவு அமைச்சராக இருந்தவர். நாட்டிலேயே பெரிய நாவன்மை அவருடையது. சம்பளம் வருஷத்துக்கு 1,00,000 டாலர் என்றும், பாதி ரொக்கம், பாதி மனை என்றும் சொல்வார்கள். விளம்பரப் புத்தகம் எழுதிக் கொடுத்தவர் மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் என்ற இளம் பத்திரிகையாளர். அந்த அம்மாளின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பளபளப்பான புத்தகம் யாருக்காக அச்சானது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பாறை உடைத்து, சுவர் எழுப்பியவர்களில் பலர் பஹாமா தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளிகள். அவர்கள் கட்டிய வீடுகளை அவர்கள் வாங்க முடியாது. பத்திரத்திலேயே ஷரத்து! ஆயிரம் மைல் தள்ளி இருந்த வெள்ளைக்காரருக்குக் கதவு திறந்திருந்தது. கொல்லைப்புறத்தில் வேலை பார்த்தவருக்குச் சாத்தியிருந்தது.

1924-ல் வருமான வரி, வாரிசு வரி இரண்டும் இங்கே கிடையாது என்று ஃப்ளோரிடா தன் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. அப்புறமென்ன, அணை உடைந்த மாதிரி கூட்டம். டின்களில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஃபோர்டு காரில் குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். 1920-ல் மியாமியின் மக்கள்தொகை முப்பதாயிரத்தைத் தொடவில்லை. 1930-ல் 1,10,000-ஐத் தாண்டிவிட்டது. 1925 ஜூலையில் 'மியாமி டெய்லி நியூஸ்' வெளியிட்ட ஓர் இதழுக்கு 504 பக்கம். பெரும்பாலும் மனை விளம்பரம்தான்.

வியாபாரம் நடந்த விதம் இதுதான். பத்து சதவீதம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் ஒரு ரசீது. முதல் தவணைக்கு ஒரு மாதம் டைம். அதற்குள் ரசீதை லாபம் வைத்து இன்னொருவரிடம் தள்ளிவிடலாம். அவர் இன்னொருவரிடம். தெருவோரத்தில் நின்றபடியே ஒரு மனை ஒரே நாளில் பல கை மாறியது. யாரும் நிலத்தைப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அவர்கள் வாங்கியது நிலத்தை அல்ல, அடுத்து வாங்கப்போகிற முட்டாளை!

இந்தக் கூத்தில் புகுந்தவர்களுக்கும் குறைவில்லை. 'மன்ஹாட்டன் எஸ்டேட்ஸ்' என்று ஒரு மனைப்பிரிவு. வேகமாக வளரும் நெட்டி நகரத்திலிருந்து முக்கால் மைல்தான் என்று விளம்பரம். போய்ப் பார்த்தால் நெட்டி என்று ஒரு நகரமே கிடையாது! மோசடி முறை ஒன்றுக்கே தன் பெயரைக் கொடுத்த சார்லஸ் போன்ஸியும் பாஸ்டன் பக்கத்துச் சிறையிலிருந்து வெளியே வந்து இங்கேதான் கடை விரித்தார். அறுபது நாளில் 200 சதவீத லாபம் என்றார். ஜாக்சன்வில் நகருக்கு அருகில் என்றார். அந்த 'அருகில்' 65 மைல். ஏக்கருக்கு 23 மனை போட்டு வெட்டியிருந்தார். சில மனைகளில் தண்ணீர்.

1925 இலையுதிர்காலத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கட்டுமானச் சரக்கு ரயில்கள் திணறி நின்றன. உணவு மாதிரி அத்தியாவசியப் பொருள் தவிர வேறு எதையும் ஏற்றமாட்டோம் என்று ரயில்வே கைவிரித்தது. சரி, கப்பலில் கொண்டுவரலாம் என்றால், 1926 ஜனவரியில் மிதக்கும் ஹோட்டலாக்கப்போவதாக இருந்த 'பிரின்ஸ் வால்டெமார்' என்ற பழைய பாய்க்கப்பல் துறைமுக வாயிலிலேயே கவிழ்ந்து, வாரக்கணக்கில் வழியை அடைத்தது. செங்கல்லும் மரமும் வராமல் வீடுகள் பாதியில் நின்றன. ரசீதை வாங்க அடுத்த முட்டாளும் வரவில்லை.

இவ்வளவும் பணக்கஷ்டம். உயிருக்கு வந்தது செப்டம்பரில்.

1926 செப்டம்பர் 17. நள்ளிரவுக்குச் சற்று முன்புதான் மியாமி வானிலை நிலையத்தில் புயல் எச்சரிக்கை ஏற்றினார்கள். ஊரில் பாதிப் பேர் சமீபத்தில் குடியேறியவர்கள். புயலைப் பார்த்ததே இல்லை. இரவெல்லாம் காற்று கூரைகளைப் பிய்த்தது. விடிகிற நேரத்தில் பட்டென்று அடங்கியது. அப்பாடா, முடிந்தது என்று ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சேதம் பார்க்கக் கிளம்பினார்கள். மியாமி பீச்சிலிருந்து பலர் பாலத்து வழியாகக் காரை எடுத்தார்கள்.

அது முடிவு இல்லை. புயலின் கண்! மேலே கண் கடக்கிற அரை மணி நேர அமைதி. உள்ளூரில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு அது தெரியும். வானிலை அதிகாரி ரிச்சர்ட் கிரே தெருவில் ஓடி, உள்ளே போங்கள் என்று கத்தினார். கொஞ்சம் பேர் காதிலேதான் விழுந்தது. எதிர்த்திசையிலிருந்து காற்று இன்னும் மூர்க்கமாகத் திரும்பி வந்தது. கடல் ஊருக்குள் ஏறியது. பாலத்தின் நடுவே மாட்டிக்கொண்டவர்கள் கார்களோடு போனார்கள். உள்ளே ஓகீசோபி ஏரியின் கரை உடைந்து மூர் ஹேவன் என்ற சின்ன ஊர் மூழ்கியது. மொத்தம் முன்னூறு பேருக்கு மேல் பலி.

எத்தனை பக்கம் விளம்பரம் வந்தது! வெயில், கடல், பனை மரம், ஜூன் மாதம். புயலின் கண் என்று ஒன்று உண்டு என்பதற்கு அவற்றில் ஒரு வரி இடம் கிடைக்கவில்லை. சுத்தப் பொய் சொன்ன போன்ஸியால் போனது பணம். வியாபாரம் மொத்தமும் சேர்ந்து காத்த மௌனத்தால் போனது உயிர்.

இதைவிடக் கொடுமை அதற்கப்புறம் நடந்தது. செஞ்சிலுவைச் சங்கம் நாடு முழுக்க நிவாரண நிதி திரட்டக் கிளம்பியது. வீடிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கூடாரத்தில் கிடந்தார்கள். ஆனால் ஃப்ளோரிடாவின் பெரிய மனிதர்களும் மனை வியாபாரிகளும் என்ன சொன்னார்கள்? சேதம் அப்படியொன்றும் பெரிதில்லை, பத்திரிகைகள் ஊதிப் பெருக்குகின்றன, குளிர்கால சீசனுக்கு எல்லாம் தயார்! நிவாரணம் கேட்டால் ஊரின் பேர் கெட்டுவிடும், வடக்கேயிருந்து வாங்க வருகிறவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்ற கவலை. இவர்கள் இப்படிச் சொல்லிச் சொல்லியே நிதி திரளாமல் கெடுக்கிறார்கள் என்று செஞ்சிலுவைச் சங்கத் தலைவர் ஜான் பார்ட்டன் பெய்ன் பகிரங்கமாகவே குமுறினார். நினைத்த தொகை சேரவில்லை. வரப்போகிற வாடிக்கையாளருக்காக, ஏற்கெனவே வந்து ஏமாந்த வாடிக்கையாளரைக் கூடாரத்திலேயே விட்டார்கள்!

மெரிக் எல்லாவற்றையும் இழந்து, கடைசியில் மியாமியின் தபால் அதிகாரியாக வேலை பார்த்து 1942-ல் இறந்தார். ஃபிஷர் 1939-ல், தான் உருவாக்கிய மியாமி பீச்சிலேயே கண்ணை மூடினார்.

பாடம் படித்தார்களா? ஒரு தலைமுறை மறக்கப் போதுமான காலம்.

1957. பால்டிமோரைச் சேர்ந்த லெனர்ட் ரோசன், ஜாக் ரோசன் என்ற சகோதரர்கள். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கலந்த தலைமுடித் தைலத்தை டி.வி.யில் விற்றுப் பணம் பார்த்தவர்கள். செம்மறியாட்டுக்கு வழுக்கை விழுவதில்லையே என்பதுதான் அவர்கள் விளம்பரத்தின் சாரம்! தைலத்தை விற்ற வாய்க்கு மனை விற்பதா கஷ்டம்? ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் ஒரு முனையை வாங்கி, கால்வாய் கால்வாயாக வெட்டி, அந்த மண்ணையே போட்டு உயர்த்தி, கேப் கோரல் என்று பெயர் வைத்தார்கள். எல்லா வீட்டுக்கும் பின்னால் தண்ணீர். நாளாவட்டத்தில் 400 மைல் நீளத்துக்குக் கால்வாய்.

வடக்கத்தி ஊர்களில் ஹோட்டலில் இலவச டின்னர், கூடவே சினிமா காட்டுவார்கள். கொஞ்சம் ஆசைப்பட்டவர்களைக் கம்பெனி விமானத்திலேயே அழைத்துவந்தார்கள். சுற்றிக்காட்டும் காரில் வயர்லெஸ் அலறும்: அந்த மனை போச்சு, இந்த மனை போச்சு! பதறிப்போய்க் கையெழுத்துப் போடுவார்கள். புருஷன் பெண்டாட்டி தனியாக யோசிக்க ஓர் அறையைக் கொடுத்து, அதில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்திருந்த கதையும் அப்புறம் வெளியே வந்தது. 'தவணை கட்ட முடியுமாங்க?' என்று மனைவி கேட்டிருந்தால், உள்ளே வரும் சேல்ஸ்மேன் முதலில் தவணையைப் பற்றித்தான் பேசுவார்!

இவர்களுடைய கல்ஃப் அமெரிக்கன் கம்பெனி இன்னும் தெற்கே கோல்டன் கேட் எஸ்டேட்ஸ் என்று பிரம்மாண்டமான மனைப்பிரிவு போட்டது. சைப்ரஸ் மரங்கள் நின்ற சதுப்பைக் கால்வாய் வெட்டி வடித்து, ரோடு போட்டு, உலகெங்கும் இருப்பவர்களுக்கு விற்றார்கள். காட்டியது வறண்ட குளிர்காலத்தில். கோடை மழை வந்தால் மனையில் தண்ணீர். தூரத்தில் இருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

1967-ல் ஃப்ளோரிடா அரசு நடவடிக்கை எடுத்தது. தவறான விற்பனை முறைகளைக் கம்பெனி ஒப்புக்கொள்ள, முப்பது நாள் விற்பனைக்குத் தடை. அடுத்த வருஷமே, 1968-ல், மாநிலம் தாண்டி மனை விற்பவர்களுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. தண்ணீர், சாலை, வில்லங்கம் உட்பட எல்லா விவரமும் எழுதிய அறிக்கையை வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். பக்கத்துத் தெருக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் தூரத்து ஆளுக்கும் தெரிய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பொய் சொன்னால் மட்டுமல்ல, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டாலும் குற்றம். ஜூலியா டட்டிலின் பூங்கொத்திலிருந்து இந்த இடத்துக்கு வர எழுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

முழுக்க மோசம் என்றும் தள்ளிவிட முடியவில்லை. கேப் கோரல் நிஜமாகவே ஊராகிவிட்டது. 2020 கணக்கெடுப்பில் 1,94,000 பேர். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் என்ற வாக்கும் பலித்தது. 2022 செப்டம்பரில் 'இயன்' புயல் வந்தபோது அந்தத் தண்ணீரின் இன்னொரு முகத்தையும் பார்த்தார்கள்.

கோல்டன் கேட்டின் தென்பகுதிதான் பாவம். வீடுகள் வரவேயில்லை. காடு வறண்டு தீப்பிடித்ததுதான் மிச்சம். 1980-களில் ஃப்ளோரிடா அரசே அதைத் திரும்ப வாங்கும் வேலையைத் தொடங்கியது. சுமார் 55,000 ஏக்கர். சொந்தக்காரர்கள் 17,000 பேர்! பூமிப்பந்து முழுக்கச் சிதறிக் கிடந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து, அவர்களில் பலர் காலே வைத்திராத மனைகளை வாங்கினார்கள். அப்புறம் போட்ட ரோடுகளைப் பெயர்த்து, வெட்டிய கால்வாய்களை அடைத்து, மறுபடியும் சதுப்பாக்கினார்கள்.

மார்ஜரி டக்ளஸை ஞாபகம் இருக்கிறதா? மெரிக்குக்காக விளம்பரம் எழுதியவர். 1947-ல் எவர்கிளேட்ஸ் சதுப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது சேறு இல்லை, மெல்ல நகரும் ஆறு என்று நாட்டுக்கே விளக்கினார். 1998-ல், 108-வது வயதில் இறக்கும்வரை அதைக் காப்பாற்றப் போராடினார்.

கடைசியாக ஒன்று. டைம்ஸ் ஸ்கொயர் போர்டு வடக்கத்திக்காரனிடம் விற்ற ஜூன், அவன் ஊர் ஜூன். இதமான வெயில், இளங்காற்று. ஃப்ளோரிடாவின் ஜூன் எப்படி இருக்கும் என்று அங்கே வசிக்கிற யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். மழை இறங்குவது அப்போதுதான். அமெரிக்க வானிலைத் துறையின் இன்றைய காலண்டரில் புயல் சீசன் ஆரம்பிக்கும் தேதி, ஜூன் 1!